பேனர் வைத்தவர்களைத் திட்டிய பாட்டு

அவன் செத்த மறுநாள் காலையில் காணை ரோட்டில் இருபதடி பேனர் எழுந்துவிட்டது. மேலே அவன் முகம், கீழே கைகூப்பியபடி நண்பர்கள் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் கறுப்புக் கண்ணாடி வேறு. எங்கள் பக்கம் சாவுக்கு வராதவன்கூட பேனரில் இருந்தாக வேண்டும். வலது ஓரத்தில் நானும் இருந்தேன், என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த பல்லிளிப்போடு.

அவன் மினி லாரி ஓட்டினான். கரும்பு லோடு இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் ராப் எழுதுவான். எனக்குத் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம். கல்யாணப் பாட்டு, திருவிழா அறிவிப்பு, ஓட்டு கேட்கும் பாட்டு என்று எவன் வந்தாலும் செய்துகொடுப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்தவனின் பாட்டுக்கு மட்டும் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அதற்குள் அவனுக்குக் கிட்னி போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு அவன் அக்கா விழுப்புரத்தில் பஸ் ஏறி வந்து, அவனுடைய போனை என் மேஜையில் வைத்தார்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கினே பாடி வெச்சிருக்கான் தம்பி. ஒரு பாட்டாவது வெளிய வரணும்னு ஆசப்பட்டான். நீதான் பண்ணிக் குடுக்கணும்."

விஷயம் தெரிந்ததும் நண்பர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டை ஒருவனும் கேட்கவில்லை. ஆனால் முகப்புப் படத்துக்கு அந்தப் பேனரையே அனுப்பிவிட்டார்கள், பன்னிரண்டு தலைகளோடும். அக்காவுக்கு வாக்குக் கொடுத்த நாளில் நானும் கேட்டிருக்கவில்லை.

கேட்டேன்.

"கட்டில்ல கெடக்குறேன், வரல ஒர்த்தனும்,
செத்தா பேனர்ல கும்புடுவான் ஒவ்வொர்த்தனும்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவனாகப் பேர் சொல்லித் திட்டியிருந்தான், பாவி. எவன் போனை எடுக்கவில்லை, எவன் வாசல்வரை வந்து திரும்பிப் போனான் என்று ஒன்றையும் விடவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில் என் முறை வந்தது.

"மைக்கு வெச்ச மச்சான் சொன்னான் அடுத்த வாரம் வாடா,
எமன் கிட்ட டேட்டு கேட்டு எழுதி வெச்சிக்கடா."

பதிவிலிருந்த ஆஸ்பத்திரி மின்விசிறி இரைச்சலைச் சுத்தம் செய்யும்போது இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். மற்றவர்களைத் திட்டியதில் கை வைக்கவில்லை. கலைஞனின் சுதந்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டை இணையத்தில் ஏற்றினேன். மதியத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று பாதிப் பேர். செத்தவன் பேரைச் சொல்லி நான் விளையாடுகிறேன் என்று பாதிப் பேர். சாயங்காலம் ஆறு பைக்குகளில் நண்பர்கள் வந்து இறங்கினார்கள்.

"செத்தவன வெச்சி எங்கள அசிங்கப்படுத்திக்கினு இருக்கியா? ஜல்தியா எடுத்துடு" என்றான் கறுப்புக் கண்ணாடிக்காரர்களில் ஒருவன்.

அக்காவைக் கேட்காமல் எடுக்க மாட்டேன் என்று சொல்லி, எல்லோரும் கேட்க அவருக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். என் பக்கம் பேசுவார் என்ற தைரியம்தான்.

"எடுக்கறது இருக்கட்டும் தம்பி. உன்னப் பத்தி ரெண்டு வரி இருந்துச்சே, அது எங்க? எங்கிட்டதான பாடிக் காட்டினான்."

பன்னிரண்டு பேர் பேனரில் பதினோரு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. அவன் போனில் இருந்ததை அப்படியே போட்டுக் காட்டினேன். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன்தான் முதலில் சிரித்தான்.

"உன்னதான்டா வெச்சி செஞ்சிருக்கான். இதையும் சேத்துப் போடு. எங்களுது இருந்துட்டுப் போவட்டும்."

சேர்த்துப் போட்டேன். இப்போது யாருக்கு அதிகத் திட்டு விழுந்தது என்பதில்தான் அவர்களுக்குள் போட்டி. எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிய முகையூர் மாப்பிள்ளை ஒருத்தன், தன் பேர் பாட்டில் இல்லையே என்று இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறான். அக்கா பஸ்ஸில் போகும்போதெல்லாம் பாட்டைக் கேட்கிறாராம்.

என்னால் அந்த இரண்டு வரிகளைக் கேட்க முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அவன் பாட்டு நோட்டோடு என் ரூம் வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.