நிரோஷாவின் பெயர் அட்டை

அன்று கடையில் நானும் புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் மட்டுமே. ரமேஷ், பஸ்லியா, சுபாஷினி மூவரும் சொல்லாமலே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். எங்கள் கண்டித் துணிக்கடையில் ஆட்கள் நிலைப்பதில்லை. அலுத்துப்போய், விலகியவர்களின் பெயர் அட்டையையே புதியவர்களுக்கு மாட்டிவிடுவேன். இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ‘நிரோஷா’. மூன்று வாரமாக அப்படியே கூப்பிட்டேன்.

மதியம் தெல்தோட்டையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். “தங்கச்சி கலைச்செல்வி இங்கதானே வேலை? போன் எடுக்க மாட்டேங்குறா. அப்பாவ பேராதனை ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம், தாங்க மாட்டாருங்க.”

“அப்படி யாரும் இல்லையே அண்ணே. பக்கத்துக் கடையில கேளுங்க.”

மேல்மாடியில் அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன், கடை வழக்கப்படி, என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. மாலையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஓடினாள். அப்பா போய்விட்டிருந்தார்.

காரியம் முடிந்தபின் அட்டையைத் திருப்பித் தர வந்தாள். “சார், அடுத்த பிள்ளைகிட்டயாச்சும் பேரக் கேளுங்க.”

இப்போது ஒருநாள் மட்டும் வேலை செய்பவருக்கும் சொந்தப் பெயரில் அட்டை அடிக்கிறேன். ஒன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய்தான்.