சித்தப்பா போட்ட அப்டேட்

எங்கள் வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் எந்தப் பொருளையும் சித்தப்பா நிம்மதியாக இருக்க விட்டதில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம் அது. மிக்ஸியைக் கழற்றுவார், மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும். அதைப் பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, அது இல்லாமலேயே மிக்ஸி ஓடுவதைத் தன் சாதனையாகச் சொல்வார்.

அவருடைய கண் கடைசியாக அம்மாவின் எம்பி3 பிளேயர் மேல் விழுந்தது. பெங்களூரில் வேலை பார்த்த தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. சின்னத் திரை உண்டு, பேசினால் பதிவு செய்துகொள்ளும் வசதியும் உண்டு. அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமைப்பாள், துவைப்பாள், தண்ணீர் பிடிப்பாள். காதில் எப்போதும் ஒயர். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். "பாட்டு கேக்கறதுக்குன்னே பொறந்தவ," என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அம்மா மறுத்ததே இல்லை.

அந்தத் திரையில் தமிழ்ப் பாட்டுகளின் பெயர் கட்டம் கட்டமாக வரும். சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. புது சாப்ட்வேர் ஏற்றினால் தமிழிலேயே வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அண்ணிக்கு இன்ப அதிர்ச்சி தர முடிவு செய்தார். அம்மா அதை வீட்டில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து பிளேயரை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் என்று ஒரு பெட்டி இருந்தது. பேட்டரி செத்து வெகுகாலம் ஆகியிருந்ததால், கரண்ட் போய்விட்டது என்று கூவிச் சொல்ல மட்டுமே அது பயன்பட்டது.

அது கரண்ட் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்த காலம். செஞ்சியில் பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்கூட டைம்டேபிளை மறந்தாலும் கரண்ட் டைம்டேபிளை மறக்கமாட்டோம். மாவரைப்பது, மோட்டார் போடுவது எல்லாம் அதன்படிதான். சித்தப்பாவும் கணக்குப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "பதினொன்னு வரைக்கும் கரண்ட் இருக்குது. வேல ஆறு நிமிஷம்," என்றார். ஆனால் மாதம் பிறந்தால் கரண்ட் போகும் நேரமும் மாறும். அன்று ஒன்றாம் தேதி. அம்மா ரேஷன் கடைக்குப் போனதே அதனால்தான். இது சித்தப்பாவின் மண்டையில் உறைக்கவில்லை.

திரையில் கோடு பாதி தூரம் நகர்ந்திருந்தது. மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கூவியது. சித்தப்பா, பேயறைந்தவர் போல, கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிளேயரின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினார். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். கல்லை அமுக்குவது போலத்தான் இருந்தது.

அம்மா அரிசிப் பையோடு வந்து நின்றாள். சித்தப்பா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பை கையிலிருந்து நழுவியது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சா தம்பி?"

"தெரில அண்ணி. பாட்டுதான, வேற ஏத்திக்கலாம்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவுமா?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டகப்பட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போவதாக இருந்தது. மண்டகப்பட்டுக்குப் போக எம்பி3 பிளேயர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். "எழவு வூட்ல உக்காந்த மாரி இன்னாடி இது? பாட்டுக்கா?" என்றாள். அன்று ரசத்தில் உப்பில்லை. நைனா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு மண்டிக்குப் போனார். நெல் மண்டியில் எடை போடுபவர் அவர், வீட்டில் எடை போட்டுத்தான் பேசுவார்.

சித்தப்பாவுக்கு முதல்முறையாக ரோஷம் வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, செத்துப்போன பிளேயரை எழுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒயரைச் சொருக வேண்டுமாம். திரை கறுப்பாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அதைத் தெரிந்துகொள்ளுமாம். பிறகு பழைய சாப்ட்வேரைத் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் இன்னொரு முறை கரண்ட் போனால் அது நிரந்தரமாகக் குப்பைக்குத்தான். சித்தப்பா இப்போது எந்த டைம்டேபிளையும் நம்பத் தயாராக இல்லை.

அந்த வாரம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். திருவண்ணாமலை ரோட்டில் மண்டபம், மண்டபத்தில் ஜெனரேட்டர். பெண்ணழைப்பு அன்று மாலை, சித்தப்பா கம்ப்யூட்டரைக் கழற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். மானிட்டர் பெட்ஷீட் சுற்றி என் மடியில். மண்டபத்து வாசலில் அதைப் பார்த்த உறவுக்காரர்கள் சீர் வருகிறதென்று வழிவிட்டார்கள். பெரியப்பா கூட ஒரு கணம் நெகிழ்ந்துபோனார்.

பிளக் பாயின்ட் இருந்த ஒரே இடம் மைக்செட்காரரின் மேசை. அங்கேயே கடை விரித்தோம். சித்தப்பா பொத்தானை அழுத்திப் பிடித்தார், நான் ஒயரைச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் சொருகினேன். கம்ப்யூட்டரில் டிங் என்று ஒரு சத்தம். உள்ளே இருப்பதையும் அழித்துவிடவா என்று அது கேட்டது. அந்தக் கட்டத்தைத் தொடாமல் சித்தப்பா மேலே போனார். வேர்வை அவர் மூக்கு நுனியில் நின்றது. கோடு மெல்ல நகர்ந்து கடைசிவரை போய்ச் சேர்ந்தது. பிளேயரின் சின்னத் திரை நீலமாக எரிந்ததும் நான் குதித்தேன்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற அம்மாவுக்கு இந்தச் சேதியை வெறும் வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "அண்ணே, அண்ணி பாட்டு ஒன்னு போடறேன், கேளு," என்று மைக்செட்காரரிடம் சொல்லி, அவருடைய ஒயரை வாங்கி பிளேயரில் சொருகிப் பொத்தானை அமுக்கினார்.

மண்டபம் முழுக்க அம்மாவின் குரல் கேட்டது.

"பகுதி மூன்று, அடிப்படை உரிமைகள். பதினாலு, சட்டத்தின் முன் அனைவரும் சமம். பதினஞ்சு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம், இதையெல்லாம் வச்சு பாகுபாடு காட்டக் கூடாது. பதினாறு, அரசு வேலைல எல்லாருக்கும் சம வாய்ப்பு."

குக்கர் விசில் அடித்தது. தூரத்தில் அத்தையின் குரல்: "பொழுதன்னிக்கும் காதுல ஒயர மாட்டிக்கினா அடுப்ப யாருடி பாக்கறது?"

"பதினேழு, தீண்டாமை ஒழிப்பு."

வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே இலையில் நின்றது. அத்தை தன் குரலைத் தானே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து இரவு வரை அம்மா காதில் ஓடியது பாட்டே இல்லை. அவளே படித்து, பதிவு செய்து, தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சித்தப்பா எந்த ஒயரைப் பிடுங்குவதென்று தெரியாமல் தடுமாறினார். "பரிட்சைக்குப் படிக்குதுடா மருமவ," என்றார் ஒரு பெரியவர். யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போனாள். நைனா பின்னால் போனார். நானும் ஓடினேன்.

"இன்னா பரிட்ச?"

"கவர்மெண்ட் வேலைக்கி. ஞாயித்துக்கெழம."

"அப்ப மண்டகப்பட்டு?"

"விழுப்புரத்துல சென்டரு."

நைனா தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார். "போன வருசமும் அங்கதான் போனியா?"

அம்மா தலையசைத்தாள். "அதுக்கு முந்தின வருசமும். எதுலயும் பாஸாவல. யாருக்கும் தெரியாததால மறுபடி எழுத முடிஞ்சிது."

என் அம்மா பொய் சொல்லுவாள் என்பதே எனக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். தொலைந்த பாடமெல்லாம் திரும்பி வந்துவிட்டது, கைதட்டல் வேறு கிடைத்தது, இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் ஸ்டாண்டுக்கு எங்கள் குடும்பமே போனது. அத்தை தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கோயில் திருநீறும் கூடவே. சித்தப்பா பேனாக்கள் வாங்கி வந்து ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்துக் கொடுத்தார். பெரியப்பா வந்தார், பெரியப்பா வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையும் வந்தார். டீக்கடைக்காரர் முதற்கொண்டு, "கண்டிப்பா பாஸாயிடுவம்மா," என்றார். அம்மா எல்லோருக்கும் சிரித்துத் தலையசைத்தாள்.

விழுப்புரம் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா, வெளியே நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பஸ் பயணம் அவளுக்கு ஆகாது, வாந்தி வரும் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தாள்.

"இவ்ளோ பேரு எதுக்குடி வந்தாங்க?" என்றாள் என்னிடம், எனக்கு மட்டும் கேட்கும்படி.

உன் மேல் எல்லோருக்கும் அவ்வளவு பாசம் என்றேன். சரியான பதிலைச் சொல்லிவிட்ட பெருமையோடு, பஸ் மறையும்வரை எல்லோரையும் விட உரக்கக் கத்திக்கொண்டே கையசைத்தேன்.