ஜக்கரியா கழற்றிய ரயில்

மஞ்சக்குப்பத்தில் எரிந்துபோன ஃபேனுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்ட ஜக்கரியாவை விட்டால் ஆளில்லை. அந்தத் திமிர்தான் அவரைக் கெடுத்தது.

1964இல் அவருடைய தங்கை மைமூனின் புருஷன் பினாங்கில் மௌத்தானார். புருஷனை இழந்து, சிதம்பரத்து வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தவளுக்கு, அவர் என்றோ வாங்கி வந்த பழைய பொம்மை ரயில்தான் துணை. பேட்டரியில் அது அறையைச் சுற்றி ஊர்ந்தது. பார்க்க வந்த ஜக்கரியாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"காயில் போயிருக்கும்மா. புதுசா கட்டுனா பறக்கும்" என்று பிடுங்காத குறையாக வாங்கிப் போனார்.

மோட்டாரைப் பிரித்து, காந்தத்தின் நடுவே சுழலும், கம்பி சுற்றிய இரும்பு ஆர்மெச்சரை உருவினார். கழற்றிய திருகாணிகள் தாவிப்போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. பத்து நாள் கண் நோக மயிரிழைக் கம்பி சுற்றி மாட்டினார். சக்கரம் அசையவில்லை. மறுபடி பிரித்தார். காயிலில் குற்றமே இல்லை. ஒரு திருகாணியைக் காந்தத்தில் வைத்தார். அது ஒட்டாமல் மேசையில் விழுந்தது.

பக்கத்து லாரி மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "நடுவுல இரும்பு இல்லாம போட்டு வச்சா காந்தம் செத்துப்பூடும்யா!"

காந்தமே இல்லாத ஃபேனைக் கட்டியே பிழைத்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

சிதம்பரம் போய், மறைக்காமல் சொன்னார். மைமூன் அழவில்லை. இஞ்சினை மடியில் வைத்துச் சக்கரத்தை விரலால் உருட்டினாள்.

"மெதுவாவாச்சும் ஓடிக்கினுதானே இருந்துச்சு, அண்ணே?"