தலைகீழ் ஏற்றம்

கனவில் இசோபே மிட்சுயோவுக்கு அது சுலபமாக வந்துவிடும். நெஞ்சுயர உடற்பயிற்சிக் கம்பியைப் பிடித்துத் தரையை ஓர் உதை உதைப்பாள். கால்கள் வானத்தில் ஏறும். ஷின்ஜி ஏரி தலைக்கு மேலே வந்து தொங்கும். சிப்பி அள்ளும் படகுகள் கவிழாமல் அதில் மிதக்கும். ஒரு முழுச் சுற்று சுற்றி, கம்பிமேல் கையூன்றி நிமிர்வாள். விழித்தால் வயது முப்பத்தாறு, உள்ளங்கையில் கொப்புளம்.

பேருந்து நிலையத்தில் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருந்தாள். தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கு எல்லாமும் கொஞ்சம் வர வேண்டும். நீச்சல் வந்துவிட்டது. பியானோவைத் தடவித் தடவிப் பிடித்துவிட்டாள். தலைகீழ் ஏற்றம்தான் பிடி கொடுக்கவில்லை. சின்ன வயதில் வகுப்பே மேலே ஏறிவிட, கடைசிவரை தரையில் நின்றவள் அவள். அதன்பின் தொடங்கியதையெல்லாம் பாதியில் விட்டாள். இந்தக் கம்பியும் கைவிட்டால் ஆசிரியை ஆகும் ஆசையையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பள்ளிப் பயிற்சியில், பிறர் பார்க்க அவள் நடத்திக் காட்ட வேண்டிய பாடமாக விழுந்தது மூன்றாம் வகுப்பின் கம்பிப் பாடம். மற்ற ஆசிரியர்கள் வரிசையாக நின்று பார்ப்பார்கள். பாடத்திட்டத்தில், ‘ஆசிரியை செய்து காட்டுவார்’ என்ற வழக்கமான வரியை யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். துணைத் தலைமையாசிரியர் முத்திரையும் குத்திவிட்டார்.

“முத்திரை விழுந்துடுச்சுக்கா,” என்றான் உடன் பயிற்சி பெறும் குவாதா. “இனி எழுதினத மாத்த முடியாது. வேணும்னா கம்பிய மாத்திப் பாருங்க.”

புதன்கிழமை காலை, வகுப்பின் முன் அவள் உதைத்தாள். கால்கள் பாதி வானம்வரை போய்த் திரும்பின. பதற்றத்தில் கம்பிமேல் தாவி, வயிற்றை வைத்து மடிந்து தொங்கினாள்.

“டீச்சர், அதுக்குப் பேரு மெத்தை காயப்போடறது,” என்றாள் ஒரு சிறுமி. “அத நாங்க போன வருஷமே முடிச்சுட்டோம்.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியர்கள் குறிப்பெழுதினார்கள். ஃபுக்கி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் இன்னும் மேலே ஏறாத ஒரே பிள்ளை அவள்.

மாலையில் வழிகாட்டி ஆசிரியர் கொடோ அவளைக் கூப்பிட்டார். “நாளைக்கும் கம்பிதான். நாளைக்கும் உங்க வகுப்புதான்,” என்றார்.

மிட்சுயோ வாசல் அலமாரியிலிருந்து, பள்ளிக்குள் மட்டும் போடும் தன் துணி உள்செருப்பை எடுத்துப் பையில் போட்டாள். வெயில் சாய்ந்த மைதானம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மங்கலாக இருந்தது. கம்பியருகே ஃபுக்கி, கழுத்தில் துண்டோடு நின்றிருந்தாள். அவள் கண் நேரே பைக்குப் போனது.

“உள்செருப்ப எங்க எடுத்துட்டுப் போறீங்க?”

“துவைக்க.”

“துவைக்க எடுத்துட்டுப் போறது வெள்ளிக்கிழமைல்ல. இன்னிக்கு புதன்.”

மிட்சுயோ பையை முதுகுப்பக்கம் நகர்த்தினாள்.

“வரமாட்டீங்க, அப்படித்தானே? நீங்களும் போயிட்டா, கிளாஸ்ல முடியாதவ நான் ஒருத்திதான். நீங்க இருந்தா ரெண்டு பேர்.”

மிட்சுயோ பையைக் கீழே வைத்தாள். துண்டை ஃபுக்கியின் இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, இரு முனைகளையும் கம்பியோடு சேர்த்துப் பிடிக்கச் செய்தாள். இப்படிப் பிடித்தால் வயிறு கம்பியை விட்டு விலகாது. ஃபுக்கி உதைத்தாள். நழுவினாள். மறுபடி உதைத்தாள். சிவப்புக் காலுறைகள் வானத்தைத் துழாவி மறுபக்கம் இறங்கின. ஒரு கணத்தில் அவள் கம்பிக்கு மேலே இருந்தாள்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள் மிட்சுயோ. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்தது: இதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

“சொல்லத் தெரியல. நீங்களே பாருங்க. தலைய மட்டும் பின்னாடி தள்ளாதீங்க. காலைல பார்த்தேன், தலைய தள்ளினதும் உங்க கை நீண்டுடுச்சு.”

துண்டு மிட்சுயோவின் இடுப்பைச் சுற்ற மட்டுமட்டாக இருந்தது. முகவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து உதைத்தாள். மைதானம் மேலே போனது. ஃபுக்கி தலைகீழாக நின்றாள், மேகத்தில் கால் ஊன்றி. ஏரி இருந்த திசையில் ஏதோ மின்னியது. பிறகு கம்பி அடிவயிற்றில் அழுந்த, கைகள் அதன்மேல் ஊன்ற, அவள் மேலே இருந்தாள்; எல்லாம் நேரானது. கனவில் இந்த வலி இருந்ததே இல்லை.

“துண்டில்லாம?” என்றாள் ஃபுக்கி.

“நாளைக்கு.”

மிட்சுயோ திரும்பிப் போய் உள்செருப்பை அலமாரியில் வைத்தாள்.