இடிக்க வந்தவர் தட்டிய கதவு

போன வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள், என் கணவர் யாக்கோபு எங்கள் ஜெபக்கூடத்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே அதை இடிக்க ஜேசிபி வந்து நின்றது.

மைசூரில் எங்கள் தெருவை அகலப்படுத்துகிறார்கள். மனு கொடுத்தோம், உபவாசம் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஓடு போட்ட சின்னக் கூடம்தான். ஆனால் எங்கள் ஒரே மகளைக் கல்லறைக்குக் கொண்டுபோகுமுன் அங்கேதான் கிடத்தியிருந்தோம். அதற்குப் பிறகு தினமும் அதைத் திறந்து பெருக்குவது அவர்தான்.

அவருக்கு அப்போதுதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

“மாத்திரையாவது போட்டுக்கோங்க.”

“நீ வீட்டுக்குப் போ, மேரி. நான் வரல.”

அவர் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. கதவை உடைக்கச் சொன்னார் ஜேசிபியோடு வந்திருந்த மாநகராட்சி அதிகாரி. உடைத்தால் அந்த அதிர்ச்சியிலேயே இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். அதுவரை கட்டடத்துக்காகவே ஜெபித்தவள், “ஆண்டவரே, கட்டடம் போகட்டும். இவரை எனக்குக் கொடும்” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

ஜேசிபி சத்தம் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூர் பக்கத்துத் தமிழர், பெயர் முருகேஷ் என்று பிறகு தெரிந்துகொண்டோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவை மெதுவாகத் தட்டினார்.

“ஏனுங்கய்யா, நான் இடிக்காட்டி நாளைக்கு வேற ஒருத்தரு வந்து இடிப்பாருங்க. உள்ள இருக்கற சாமி சாமானெல்லாம் நீங்களே எடுத்துக் குடுங்க. நான் வாங்கி வெளிய வெக்கறனுங்க. அப்புறந்தான் வண்டிய எடுப்பனுங்க.”

நான் ஜன்னல் வழியாக மாத்திரையை நீட்டிக்கொண்டே நின்றேன். அப்போது நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

“மேல இருக்கிற சிலுவை?” என்று உள்ளிருந்து என் கணவர் கேட்டார்.

“கழட்டித் தர்றனுங்க. உடைக்க மாட்டேன்.”

தாழ்ப்பாள் திறந்தது. நான் ஓடிப்போய் மாத்திரையை அவர் வாயில் போட்டேன். முருகேஷ் சொன்னபடியே சாமானெல்லாம் வாங்கி வெளியே வைத்துவிட்டுக் கூரைமேல் ஏறி, சிலுவையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். மதியத்துக்குள் கூடம் தரைமட்டம். இரண்டு பேரும் தெருவில் நின்று அழுதோம்.

இப்போது ஞாயிறு ஆராதனை எங்கள் வீட்டு முன்னறையில். தெருவுக்காக இடிக்க இந்தச் சுவரையும் அளந்து சிவப்புக் குறி போட்டுவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஆனாலும் பாய் விரிக்க என் கணவர் இருக்கிறார். நான் கேட்டது அதுதானே. இடிக்க வந்தவர் மூலமாகவே அதைக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். முன்பெல்லாம் பயம் தீர்ந்த பிறகுதான் நன்றி சொல்வேன். இப்போது பயத்தோடேயே சொல்கிறேன்.

கலங்கியிருக்கிற சகோதர சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். குரல் நடுங்கினாலும் கேளுங்கள். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.