நாலாம் பாகத்தின் ஆறு தாள்கள்

அம்மாவுக்கு ரயிலில் வேறு பெயர் இருந்தது. காலை எட்டு பத்து மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் அவள் வெறும் ‘தாம்பரம்’. ஜன்னலோர மூலையில் தினமும் சேர்ந்து உட்கார்ந்து போகிற ஐந்து பெண்களும், ஏறுகிற ஸ்டேஷன் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். “பல்லாவரத்துக்குக் கால் சுளுக்கிடுச்சு, பாவம்” என்று அம்மா சாயங்காலம் வந்து சொல்வாள். அப்பா செய்தித்தாளை இறக்கி ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி ஏற்றிக்கொள்வார்.

ஐந்து பேரும் படிக்கிறவர்கள். நாவலானாலும் சரி, யாராவது தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகமானாலும் சரி, ஒருத்திக்குப் பிடித்துப்போனால் மற்ற நான்கு பேருக்கும் சிபாரிசு செய்வாள். நன்றாக இருக்கிறது, சுமாராக இருக்கிறது என்ற பேச்சே கிடையாது. படிக்கிற மும்முரத்தில், இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு எத்தனை ஸ்டேஷன் தாண்டிப் போனாய் என்பதுதான் கேள்வி. அம்மா இறங்குவது எழும்பூரில். ஒரு நர்ஸ் எழுதிய சொந்தக் கதையைப் படித்துக்கொண்டே அவள் கோட்டை வரைக்கும் போய்விட்டாள், அன்றைக்கு ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள். மறுநாள் அந்தப் புத்தகத்துக்கு நான்கு பேரும் அடித்துக்கொண்டார்கள்.

சட்டமும் ஒன்று உண்டு. சிபாரிசு செய்கிறவள் முடிவைச் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் ஒரு வாரம் உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டே வரவேண்டும். மீனம்பாக்கம் ஆன்ட்டி ஒரு தடவை கொலைகாரன் யார் என்று வாய் தவறி உளறிவிட்டு, திங்கள் முதல் சனி வரை கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தாராம். யாரும் இரக்கமே காட்டவில்லை என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

நான் எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறையில் அந்த மூலைக்கு ஒரு பெரிய நாவல் வந்து சேர்ந்தது. தலையணை கனம். ஒரு கையில் கைப்பிடியும் ஒரு கையில் புத்தகமுமாக நிற்கிறவர்களுக்கு அது ஆகாது. அதனால் அதை நான்காகப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டுவிட்டார்கள். பாகங்கள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கும் வந்து போயின. பெரியவர்கள் படிக்கிற கதை, தொடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் ஆபீஸ் போன பிறகு நான் மூன்று பாகங்களையும் படித்து முடித்திருந்தேன்.

தாய் தகப்பன் இல்லாமல் மூன்று தம்பிகளை வளர்க்கிற ஒரு டீச்சரின் கதை. மூன்றாம் பாகத்தில் இரண்டாவது தம்பி ஆற்றோடு போய்விடுகிறான். கடைசிப் பக்கத்தில் டீச்சருக்கு வயிற்றில் ஏதோ கட்டி என்று டாக்டர் சொல்கிறார். அதோடு பாகம் முடிந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே சமயத்தில்தான் குரோம்பேட்டை ஆன்ட்டி ரயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அவருக்கும் வயிற்றில் கட்டி. “தொறந்து பாத்தாதான் எதுவும் சொல்ல முடியுமாம்” என்று அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் சொல்கிற எல்லாமே எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

நாலாம் பாகம் ஒரு வியாழக்கிழமை வந்தது. அம்மா அடுப்படியிலேயே நின்று படித்தாள். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. கண் சிவந்திருந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொன்னாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை. மறுநாள் காலை அதைத் துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

“குரோம்பேட்டை ஆன்ட்டிக்கு நாளைக்கு அட்மிஷன், அன்னிக்கே ஆபரேஷன். அதுக்கு முன்னாடி இந்த பாகம் வேணும்னு போன் பண்ணிக் கேட்டாங்க. எனக்கு ஆபீஸ்ல இன்ஸ்பெக்ஷன், நடுவுல எறங்க முடியாது. ரெண்டே ஸ்டேஷன்தான். நேரா போ, குடு, வந்துடு. புத்தகத்தத் தொறக்காதே.”

தனியாக ரயிலில் போவது அதுதான் முதல் தடவை. பத்தரை மணி ரயிலில் பெண்கள் பெட்டி காலியாகத்தான் இருந்தது. தாம்பரத்தை விட்டு வண்டி கிளம்பும் வரைக்கும் புத்தகத்தைத் திறக்கவில்லை. சானடோரியம் வருவதற்குள் திறந்துவிட்டேன். டீச்சர் பிழைத்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்தால் மூடிவிடலாம் என்று, நேராகக் கடைசி மூன்று அத்தியாயங்களுக்குப் போனேன்.

டீச்சர் பிழைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மத்தியான நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே வரியை மறுபடி படித்தேன். எதிரில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, இப்டி அழுதுகினு வர்ற? எங்க எறங்கணும் நீ?”

“குரோம்பேட்டை.”

“அட, அது போயி எவ்ளோ நேரம் ஆவுது! இப்போ பழவந்தாங்கல் வருது. எறங்கு, எறங்கு, எதிர் வண்டிய புடி.”

ரயில் கணக்குப்படி அது நான்கு ஸ்டேஷன் புத்தகம். பெருமைப்படுகிற நிலைமையில் நான் இல்லை. கையில் இருந்த டிக்கெட் குரோம்பேட்டை வரைக்கும்தான் செல்லும். நடைமேடையின் நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர் ஒருவர், இரண்டு கல்லூரிப் பையன்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பையை மடியில் அழுத்திக்கொண்டேன். போலீஸ், ஜெயில், அப்பாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. ஆனால் அதையெல்லாம்விடப் பெரிய பயம் மடியில் இருந்தது. நாளைக்கு வயிற்றைத் திறக்கப்போகிற ஒருத்தர் இன்றைக்கு இதைப் படித்தால் என்ன ஆகும்? தைரியம் போய்விடும். தைரியம் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். டீச்சரைக் கொன்ற பக்கங்கள் ஆன்ட்டியையும் கொன்றுவிடும். கொண்டுபோய்க் கொடுத்தவள் நானாக இருப்பேன்.

கொடுக்காமலும் இருக்க முடியாது. அம்மா கேட்பாள். பரிசோதகர் இந்தப் பக்கம் திரும்பாத நேரம் பார்த்துக் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தேன். ஆறு தாள்கள். தைத்த இடத்தில் ஓரம் மட்டும் பல்லிளித்துக்கொண்டு நின்றது. தாள்களை நாலாக மடித்துச் சுடிதாரின் இடுப்பில் செருகிக்கொண்டேன். புத்தகத்தின் ஓரத்தை மடக்கவே விடாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

பரிசோதகர் அந்தப் பையன்களை அழைத்துக்கொண்டு போன பிறகுதான் எதிர் வண்டியில் ஏறினேன். குரோம்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கதவைத் திறந்தது ஆன்ட்டிதான். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். உள்ளே அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா போயிட்ட? உங்கம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க.”

“ட்ரெயின் லேட்டு ஆன்ட்டி.”

எனக்கு ரஸ்னா கலக்கிக் கொடுத்துவிட்டு அவர் என் அம்மாவின் ஆபீசுக்குப் போன் செய்து, வந்துவிட்டாள், பத்திரமாக இருக்கிறாள் என்று சொன்னார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார், நான் அதற்குள் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“கடைசி அத்தியாயம் எங்க?”

“வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

“அம்மா படிச்சாங்களா?”

“படிச்சாங்க. எனக்கும் சொன்னாங்க. என்ன ஆவுதுன்னு எனக்குத் தெரியும்.”

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“முடிவச் சொன்னா என்ன தண்டனை தெரியும்ல? நின்னுகிட்டே சொல்லு.”

நான் எழுந்தபோது இடுப்பில் தாள்கள் மொடமொடத்தன, அது அவருக்கும் கேட்டிருக்கும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். நின்றுகொண்டே சொன்னேன். டெல்லியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். கட்டியை எடுத்துத் தராசில் வைத்தார்கள், அரைக் கிலோ. டீச்சர் மூன்றாம் நாளே எழுந்து நடந்தாள். வேலைக்குத் திரும்பி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனாள். மூன்று தம்பிகளுக்கும் ஒரே மேடையில் கல்யாணம் செய்துவைத்தாள்.

“ரெண்டாவது தம்பிதான் ஆத்தோட போயிட்டானே?”

எனக்கு வேர்த்துவிட்டது. “அவன் சாகல ஆன்ட்டி. கீழ ஒரு ஊர்ல கரை ஒதுங்கிட்டான். ஞாபகம் போயிடுச்சு, அதான் வீட்டுக்கு வர லேட்டு.”

ஆன்ட்டி சிரித்தார். சிரிக்கும்போது வலித்தது போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெண்களுக்கு என்ன நிறத்தில் புடவை, சாப்பாட்டுக்கு என்ன பாயசம் என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். மூன்று ஜோடிகளும் காலில் விழுந்து டீச்சரிடம் ஆசீர்வாதம் வாங்கிய பிறகுதான் எனக்கு உட்கார அனுமதி கிடைத்தது. “நல்லா இருந்துச்சு” என்றார். ரயிலில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. நான் கவனிக்கவில்லை, ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் போன் அடித்தபோதெல்லாம் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். மூன்று தடவை தப்பான நம்பர், ஒரு தடவை அத்தை. ஞாயிறு காலையில்தான் அங்கிள் பேசினார். ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்துவிட்டார். நான் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான்தான் காப்பாற்றினேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது, யாரிடமும் சொல்லத்தான் முடியவில்லை.

இரண்டு வாரத்தில் நாலாம் பாகம் ரயிலுக்குத் திரும்பியது. அடுத்து வாங்கிய பல்லாவரம் ஆன்ட்டி கிழிந்த ஓரத்தைப் பார்த்துக் கூச்சலே போட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து என்னை எதிரில் நிறுத்தினாள்.

“நான் குடுக்கும்போது முழுசா இருந்துச்சு. நீ எதாவது பண்ணியா?”

பதிலுக்குக் காத்திராமல் அம்மா குரோம்பேட்டைக்குப் போன் செய்தாள். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தவள் முகம் மாறியிருந்தது. “அவங்களேதான் கிழிச்சாங்களாம். மன்னிச்சுக்கச் சொன்னாங்க” என்றாள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் யோசிக்கவே இல்லை. தப்பித்தேன் என்பதே போதுமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் அம்மாவோடு ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். “உன் தம்பிங்க மூணு பேரும் சௌக்கியமா?” என்று என்னைக் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தம்பியே கிடையாது. ஆறு தாள்களும் அப்போது எங்கள் வீட்டில் என் அட்லஸுக்குள் இருந்தன. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழைக்காலம் பாதி ஆவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வந்த அன்று அம்மா நான்கு பாகங்களையும் மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிளிடம் திருப்பிக் கொடுக்கவாம். “அவங்க புத்தகம்தான் இது. எங்க எல்லாருக்கும் இதைப் படிக்கச் சொன்னதே அவங்கதான். மூணு தடவ படிச்சவங்க. படிக்கிறவங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு அவங்களே பிரிச்சுத் தைச்சாங்க” என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். டீச்சர் செத்துப்போவது தெரிந்துகொண்டே மூன்று கல்யாணத்தையும் நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று அன்றைக்கு முழுக்கக் குமைந்தேன். அவரைக் காப்பாற்றியதாக நினைத்ததும் பொய் என்பதால் அழுகையும் வந்தது. அதற்கு மேல் யோசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாள்களைப் பல வருடம் கழித்து, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் எடுத்துப் படித்தேன். அன்றைக்கு ரயிலில் நான் அவசரத்தில் தாண்டிப்போன ஒரு பக்கம் அதில் இருந்தது. டீச்சர் பெரிய தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறாள். அவன் எந்தச் சமாதானமும் சொல்லாமல் அவள் தலையைப் பின்னிவிடுகிறான். முடிவு தெரிந்த புத்தகத்தில் ஆன்ட்டி நாலாம் பாகத்தை மட்டும் எதற்காகக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று அந்த வீட்டில் பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை என் இடுப்பில் மடித்து வைத்துக்கொண்டு, நான் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன்.