திரும்பி வராத விசில்

அக்காவின் விசில் இப்போது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. வாய் வைக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. எங்கள் பகுதியான காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் அவள். ஒரு தடவை ஊதினால் ஓட வேண்டும், இரண்டு தடவை ஊதினால் நிற்க வேண்டும். வீட்டில் எனக்கும் அதே சட்டம்தான்.

கிரீன்லாந்தில் ஒரு மலை உச்சியில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஐம்பத்தைந்து வயதில், இனி விட்டால் முடியாது என்று ஒரு கோடை விடுமுறையில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பனிப்பரப்பில் சாமான் ஏற்றிய ஸ்லெட் வண்டியை இழுத்துக்கொண்டு ஐந்து நாள் நடந்தோம். ஆறாம் நாள் அந்த மலை முழுசாகத் தெரிந்தது. பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் கண்ணுக்குத் துலக்கமாக இருந்தது. அக்கா கையுறையைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒரு நாள் நடந்து கூடாரத்தை அருகில் போடலாம் என்றார் எங்களோடு வந்த வழிகாட்டி. எனக்குத் தோள் வலி. "இங்கேயே கூடாரம் போட்டுடலாம். மலை இதோ இருக்கு, காலைல கிளம்பினா ரெண்டு மணி நேரத்துல அடிவாரம் போயிடலாம்" என்று அடம்பிடித்தேன். மூன்றாவது தெருக் கட்டடமே புகையில் மங்கித் தெரியும் ஊர்க்காரன் நான். இவ்வளவு தெளிவாகத் தெரிவது பக்கத்தில்தான் இருக்கும் என்று கண் சொன்னதை நம்பிவிட்டேன். வானிலை நிலைத்தால் பார்க்கலாம் என்று வழிகாட்டி அரைமனதாகச் சம்மதித்தார்.

மறுநாள் காலை ஒரே கயிற்றில் மூவரும் பிணைத்துக்கொண்டு நடந்தோம். நான்கு மணி நேரம் கழித்தும் மலை அப்படியே இருந்தது, ஒரு விரற்கடைகூடப் பெரிதாகவில்லை. பின்னால் கடல்பக்கம் மேகம் திரண்டது. அக்கா நின்றாள். குளிரில் உதட்டில் ஒட்டிவிடும் என்று சட்டைக்குள் வைத்திருந்த விசிலை எடுத்து, மலையைப் பார்த்து ஒரு தடவை ஊதினாள். பள்ளி மைதானத்தில் ஊதினால் சர்ச் சுவரில் பட்டு உடனே திரும்பும் சத்தம் அது. இங்கே போனது போனதுதான். மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். அத்தனை பெரிய அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

"திரும்பி வரலடா. அவ்ளோ தூரம் இருக்குது."

"அக்கா, இன்னும் கொஞ்சம்..."

அவள் இரண்டு தடவை ஊதினாள். நின்றேன். பிறகு கூடாரத்தை நோக்கித் திரும்பினோம். அடுத்த மூன்று நாள் பனிப்புயல், அதோடு எங்கள் நாட்களும் தீர்ந்தன. கூடாரத்துக்குள் அவள் துணிப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் கேட்டவர்களிடமெல்லாம், "என் முட்டி ஒத்துழைக்கலப்பா" என்றாள். போன மாதம் அவள் பணி ஓய்வு விழாவில் தலைமையாசிரியை மைக்கில் அதையே சொல்லி வருத்தப்பட்டார். முன்வரிசையில் நானும் தலையாட்டினேன். விழா முடிந்து வெளியே வரும்போதுதான் விசிலை என் கையில் வைத்து மூடினாள்.

அன்று மாலை மொட்டை மாடியில் ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். எதிர் அபார்ட்மென்ட் சுவரில் பட்டு உடனே என்னிடமே திரும்பி வந்தது. கீழே ஒரு ஆட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அக்காவின் முட்டிக்கு அன்று ஒன்றுமே இல்லை. அவள் மலையை இழந்தது என்னால்தான்.